வேலையை விடும் முன் பி.எஃப். கணக்கைப் பாருங்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் பல வருஷம் இருந்துவிட்டு, தோல் கழிவு கலந்த பாலாற்றைப் பார்த்தால் மனசு உறுத்துகிறது, இயற்கை விவசாயத்துக்குப் போகிறேன் என்கிறவர்கள் உண்டு. சரி, போங்கள். ஆனால் பி.எஃப். பணத்தை மொத்தமாக வழித்தெடுத்து நிலத்தில் போடாதீர்கள்.

கம்பெனி மாறும்போதெல்லாம் புதுக் கணக்கு தொடங்கியிருப்பார்கள். யுஏஎன் (எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) போட்டு பி.எஃப். இணையதளத்துக்குள் போய்ப் பழைய கணக்குகளை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். மொத்த சர்வீஸ் 10 வருஷம் வந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா? இல்லையென்றால் வேலையில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். முதலாளியோடு மல்லுக்கட்டி வெளியே வந்த பிறகு கையெழுத்துக்கு அலைவது பெரும்பாடு.

ஒரே கம்பெனியில் 5 வருஷம் முடித்திருந்தால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) கேளுங்கள். அப்புறம், வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரியோ எதுவோ, முதல் போகத்தைச் சம்பளம் வரும்போதே போட்டுப் பாருங்கள்.