வாசலை உயர்த்தியும் வந்த தண்ணீர்

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வேளச்சேரி வீட்டு வாசலை ஒன்றரை அடி உயர்த்தினோம். 2023இல் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் வாசலைத் தாண்டவில்லை. ஆனால் குளியலறை ஜல்லடை வழியே கறுப்பாகக் குபுகுபுவென்று பொங்கியது! தெருச் சாக்கடை நிரம்பினால் குழாய் வழியே வீட்டுக்குள் திரும்பும் என்று அன்றுதான் புரிந்தது.

அப்புறம் பிளம்பர் அண்ணனை வைத்து, தெருச் சாக்கடைக்குப் போகும் முன் உள்ள கடைசி சேம்பரை (கழிவுநீர்த் தொட்டியை) ஒட்டி நான்-ரிட்டர்ன் வால்வு போட்டோம். உள்ளே ஒரு தகடு. தண்ணீர் வெளியே போனால் திறக்கும், திரும்பினால் மூடிக்கொள்ளும். முடியோ துணியோ சிக்கினால் மூடாது. அதனால் ஒவ்வொரு செப்டம்பரிலும் திறந்து கழுவுகிறேன். அது மூடியிருக்கும்போது நம் தண்ணீரும் வெளியேறாது. அந்த நேரத்தில் குளியல், துவையல் கிடையாது.

சுவரில் 2015 கறை இன்னும் தெரிகிறது. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, மீட்டரை அந்தக் கோட்டுக்கு இரண்டடி மேலே மாற்றியாயிற்று.