நிரல் இலவசம், பெயர் இலவசமல்ல: கட்டற்ற மென்பொருளில் வணிகக்குறித் தவறுகள்

கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். அந்த நிரலுக்குக் கிடைத்த உரிமம் பெயருக்கும் லோகோவுக்கும் சேர்த்துத்தான் என்று நினைப்பதே பெரிய தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றுக்கு வழங்கப்படும் அப்பாச்சி 2.0 உரிமத்தின் 6-ஆம் பிரிவைப் படித்தாலே தெரியும்: மென்பொருள் எங்கிருந்து வந்தது என்று குறிப்பிடலாம், அதைத் தாண்டி வணிகக்குறியை (பெயர், லோகோ போன்ற அடையாளங்களை) பயன்படுத்த அனுமதி இல்லை.

தன்னார்வலர்கள் உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் இதில் பட்ட பாடு எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டியது. மோசில்லாவின் பயர்பாக்ஸ் உலாவியின் நிரல் கட்டற்றது. லோகோவின் உரிமமோ டெபியனின் நெறிகளுக்கு ஒத்துவரவில்லை. அதனால் லோகோவை நீக்கிவிட்டு, பெயரை மட்டும் வைத்து வழங்கினார்கள். 2006-இல் மோசில்லா குறுக்கிட்டது: பெயர் வேண்டுமானால் லோகோவும் இருக்க வேண்டும், நீங்கள் செய்யும் திருத்தங்களுக்கு எங்கள் ஒப்புதலும் வேண்டும். வெளியிட்ட பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தாங்களே பொருத்திக் காத்துவரும் டெபியனால் அதை ஏற்க முடியவில்லை. அதே உலாவி ஐஸ்வீசல் என்ற பெயரில் வந்தது. பழைய பெயர் திரும்ப 2016 ஆயிற்று. மோசில்லாவின் அச்சத்திலும் நியாயம் உண்டு. யாரோ கெடுத்த பதிப்பு அதே பெயரில் பரவினால் ஏமாறுவது பயனர்தான். ஆனாலும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒப்புதல் கேட்பது தன்னார்வலர்களுக்குத் தாங்காத சுமை.

பெயரை மாற்ற முடிவெடுத்தவர்கள் அரைகுறையாக மாற்றுவது அடுத்த தவறு. முகப்பில் புதுப் பெயர் இருக்கும். ஐகானிலும் 'பற்றி' சாளரத்திலும் இணைய முகவரியிலும் பழையது ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்காக மூலத்தின் பெயரை அடியோடு மறைக்கவும் தேவையில்லை. 'இன்னதை அடிப்படையாகக் கொண்டது, அதிகாரபூர்வ வெளியீடு அல்ல' என்று உண்மையை எழுதுவது பொதுவாகச் சிக்கல் தராது.

திட்டத்தை நடத்துபவர்கள் செய்யும் தவறு, பெயர் யாருடையது என்பதைத் தீர்மானிக்காமல் விடுவது. 1990-களில் தொடர்பே இல்லாத ஒருவர் அமெரிக்காவில் 'லினக்ஸ்' என்ற பெயரைப் பதிவு செய்துகொண்டு நிறுவனங்களிடம் பணம் கேட்டார். வழக்குப் போட்ட பிறகே, 1997-இல், அது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வந்தது. 2011-இல் ஹட்சன் என்ற மென்பொருள் திட்டத்தினர் பெயர் உரிமைக்காக ஆரக்கிள் நிறுவனத்தோடு முரண்பட்டு, நிரலை எடுத்துக்கொண்டு ஜென்கின்ஸ் என்ற புதுப் பெயருக்கு மாறினார்கள்.

ஆகவே, உரிமக் கோப்பைச் சேர்க்கும் நாளிலேயே பெயர்க் கொள்கையையும் எழுதி வையுங்கள்: பெயரை யார் வைத்திருப்பது, எவ்வளவு மாற்றினால் வேறு பெயர் வேண்டும், பயனர் குழுக்கள் லோகோவை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம். டெபியன் தனக்கென்று இரண்டு லோகோக்கள் வைத்திருக்கிறது; ஒன்றை யாரும் பயன்படுத்தலாம், மற்றதற்குக் கட்டுப்பாடு உண்டு.