மேனுவலில் ஓடாத கன்வேயர்

பேக்கிங் பிரிவில் ஒரு கன்வேயர். ஆட்டோவில் ஒழுங்காக ஓடும், மேனுவலில் பட்டனை அழுத்தினால் அசையாது. பட்டனை மாற்றி, காண்டாக்டரையும் மாற்றிப் பார்த்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அதை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி மிட்சுபிஷி எஃப்எக்ஸ் வகை பிஎல்சி. அதன் புரோகிராம் ஏணி போன்ற லேடர் படம், ஒவ்வொரு படியும் ஒரு ரங்கு. லேப்டாப்பை இணைத்து மானிட்டரில் பார்த்தால், மேனுவல் ரங்கில் எல்லாக் காண்டாக்டும் (நிபந்தனைகளும்) ஆன். ஆனால் மோட்டாரை ஓட்டும் அவுட்புட்டான ஒய்0-இன் விளக்கு எரியவில்லை! சரி என்று ஒய்0 எங்கெங்கே வருகிறது எனத் தேடினேன். ஒரே காயில் (ரங்கின் முடிவில் வரும் அவுட்புட் குறி) இரண்டு இடத்தில் இருந்தது: மேலே மேனுவலுக்கு, வெகு கீழே ஆட்டோவுக்கு.

ரிலே வயரிங்கில் இப்படி இரண்டு வழியில் சப்ளை கொடுத்தால் வேலை செய்யும். பிஎல்சி அப்படியில்லை. முதலில் இன்புட்டுகளைப் படிக்கும், பிறகு ரங்குகளை மேலிருந்து கீழாகக் கணக்கிடும், கடைசியில்தான் அவுட்புட்டுக்கு அனுப்பும். மேல் ரங்கு ஒய்0-ஐ 1 ஆக்குகிறது. ஆட்டோ ஆஃபில் இருப்பதால் கீழ் ரங்கு அதையே 0 ஆக்கிவிடுகிறது. மோட்டாருக்குப் போவது அந்த 0 மட்டும்.

மேனுவல் காயிலை எம்0 என்றும் ஆட்டோ காயிலை எம்1 என்றும் மாற்றினேன்; இவை பிஎல்சிக்குள் மட்டும் இருக்கும் துணை ரிலேக்கள். இரண்டின் காண்டாக்டையும் பேரலலாகப் போட்டு, ஓவர்லோடு காண்டாக்டைச் சீரிஸில் சேர்த்து, ஒய்0-க்கு ஒரே ரங்கு. இரண்டு மோடிலும் ஓடியது.

ஸ்டாப் பட்டனையும் பார்த்தேன், அது சரியாகவே இருந்தது. வயரிங்கில் என்சி (அழுத்தாதபோது மூடியிருக்கும் காண்டாக்ட்), லேடரில் என்ஓ (இன்புட் ஆனானால் மூடும் காண்டாக்ட்). புதிதாகக் கற்பவர்கள் லேடரிலும் என்சி போட்டுவிட்டு மோட்டார் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று குழம்புவார்கள். என்சி வயர் என்பதால் சாதாரண நிலையில் அந்த இன்புட் ஆனிலேயே இருக்கும். வயர் அறுந்தாலும் மோட்டார் நின்றுவிடும்.