பழைய டிவிடி ரைட்டரில் இருந்து லேசர் டயோட் எடுக்கப் போகிறீர்களா? ஸ்குரூவில் கை வைக்கும் முன் வாசியுங்கள்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போனாலும் சரி, வீட்டு வாசலுக்கு வரும் பழைய சாமான் வியாபாரியிடம் கேட்டாலும் சரி, பழுதான டிவிடி ரைட்டர் ஒன்று எடுப்பது கொழும்பில் கஷ்டமான காரியமே இல்லை. புதிய கொம்பியூட்டர்களில் டிஸ்க் போடும் இடமே இல்லாமல் போன பிறகு இவை திருத்தகங்களின் மூலைகளில் குவிந்து கிடக்கின்றன. பழுதானது மோட்டாரோ பெல்ட்டோ என்றால், டிஸ்கில் எழுதும் ஒளியைத் தருகிற சிறிய துண்டான சிவப்பு லேசர் டயோட் உள்ளே நல்ல நிலையில் இருக்கும், அது தெரிந்ததும் ஏ.எல். படிக்கிற பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். எடுங்கள், நல்ல பொழுதுபோக்கு, இலத்திரனியல் படிப்பதற்கும் இதைவிட மலிவான வழி குறைவு. ஆனால் கழற்றச் சொல்லித்தருகிற பலர், கழற்றிய பிறகு அந்தப் பொருள் என்னவாகிறது என்று சொல்வதில்லை. எனக்கு இரண்டும் ஒரே விஷயம், அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

ரைட்டரின் மேல் தகட்டைப் பாருங்கள், 'கிளாஸ் 1' என்று ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கும். கிளாஸ் 1 என்றால் சாதாரணப் பாவனையில் கண்ணுக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்தத் தரம் பெட்டிக்குக் கொடுத்தது. ஒளி வெளியே வராதபடி மூடியிருப்பதால்தான் அது கிளாஸ் 1. உள்ளே உட்கார்ந்திருக்கும் டயோட் கிளாஸ் 3பி, அதாவது 5 முதல் 500 மில்லிவாற் வரையான வகை. 16எக்ஸ் வேகத்தில் எழுதும் ரைட்டரின் சிவப்பு டயோட் 200 மில்லிவாற்றுக்கு மேலும் போகும். கடையில் விற்கும் நல்ல பொயின்ரர் 1 மில்லிவாற்றுக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த அளவுவரைதான் கண் கூசி இமை மூடும் கால் செக்கன் நேரம் நம்மைக் காப்பாற்றும். 200 மில்லிவாற்றில் இமை மூடுவதற்குள் விழித்திரையில் வேலை முடிந்துவிடும்.

ஆகவே மூடியைக் கழற்றும்போது தொழிற்சாலை கொடுத்த தரமும் அதோடு கழன்றுவிடுகிறது. அமெரிக்காவில் லேசர் சாதனங்களையும் கண்காணிக்கும் அரச நிறுவனமான எஃப்டிஏயின் விதிகள் இதை நேராகவே எழுதி வைத்திருக்கின்றன: வியாபாரமாக ஒரு லேசர் சாதனத்தை அதன் தரம் மாறும்படி மாற்றியமைப்பவர் உற்பத்தியாளராகவே கருதப்படுவார். நாம் இருப்பது கொழும்பில், அந்த விதி இங்கே செல்லாது, ஆனால் யோசிக்கும் முறை அதுதான். புதிய லேசர் ஒன்றைச் செய்தவர் நீங்கள், அதனால் வருவதற்குப் பொறுப்பும் நீங்கள்.

சரி, எதைத் தேடுவது? எழுதும் வசதியுள்ள டிவிடி ரைட்டரைத் தேடுங்கள், வாசிக்க மட்டும் தெரிந்த டிரைவில் சில மில்லிவாற்தான் இருக்கும். முதல்முறை செய்பவருக்கு உண்மையில் அந்தச் சின்ன டயோடே போதும், அதை நான் வலிந்து சொல்கிறேன். நிறங்களைப் பொறுத்தவரை சிடிக்கு 780 நானோமீற்றர் அகச்சிவப்பு, டிவிடிக்கு 650 சிவப்பு, புளூரேக்கு 405 ஊதா. லேசர் பிரிண்டருக்குள் இருப்பதும் பெரும்பாலும் அகச்சிவப்பு, அதைத் தொடவே வேண்டாம். 780 நம் கண்ணுக்கு மங்கிய சிவப்புப் பொட்டாகத் தெரிந்தாலும் தெரியும், தெரியாமலும் போகும், ஒளி வலுவாக இருந்தாலும் கண் கூசாது, ஆகவே இமையும் மூடாது. பழைய வீடியோ புரொஜெக்ரர்களில் வரும் நீல டயோட்கள் வேறு உலகம். 2010 அளவில் கஸியோ புரொஜெக்ரர்களை உடைத்து ஒவ்வொன்றும் ஒரு வாற் அளவில் தரும் 445 நானோமீற்றர் டயோட்களை எடுக்கத் தொடங்கினார்கள். அது கிளாஸ் 4, சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியே கண்ணைக் கெடுக்கக்கூடியது. வீட்டு மேசையில் வைத்துச் செய்யும் வேலை அல்ல அது.

எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். காசு கொடுத்து வாங்கினால் ஒரு துண்டு பில்லாவது எழுதி வாங்குங்கள். திருத்தக் கொடுத்துவிட்டு ஆறு மாதமாக எடுக்க வராத ஒருவரின் கொம்பியூட்டரில் இருந்து கழற்றினால், அது இன்னொருவர் சொத்தில் கை வைப்பது, 'அவர் வரமாட்டார்' என்பது பதில் ஆகாது. அரச அலுவலகத்தில் மூலையில் கிடப்பதும் அப்படித்தான், கணக்கில் இருந்து முறைப்படி நீக்கும்வரை அது அரச சொத்து. அங்கே வேலை செய்யும் மாமா 'சும்மா கொண்டு போ' என்று தந்தாலும் வாங்காதீர்கள், மாட்டிக்கொள்வது அவர்தான்.

இனிக் கழற்றும் வேலை. கீழ்ப்பக்கத்து நான்கு ஸ்குரூவையும் எடுங்கள். முன்பக்கத்தில் ஒரு பொட்டு ஓட்டை இருக்கும், பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதற்குள் தள்ளினால் தட்டு வெளியே வரும், அப்புறம் முன்முகத்தைக் கழற்றலாம். உள்ளே இரண்டு உருக்குக் கம்பிகளில் சறுக்கி ஓடும் உலோகத் துண்டுதான் நமக்கு வேண்டியது. அதன் நடுவில் கண்மணி போல ஒரு சிறிய லென்ஸ், பக்கத்தில் மஞ்சள்-பழுப்பு நிற ரிபன் வயர். இங்கே நிறுத்திவிட்டு நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள். எந்தக் காலுக்கு எந்த வயர் போனது என்று பிறகு தேடும்போது அந்தப் படம்தான் உதவும்.

டயோட் 5.6 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு சிறிய உலோக மூடி, பின்னால் மூன்று கால்கள். சிலவற்றில் சிவப்பும் அகச்சிவப்பும் தனித்தனியாக இருக்கும், சிலவற்றில் இரண்டும் ஒரே மூடிக்குள் இருக்கும், அப்படியானால் தவறான காலுக்கு மின்சாரம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒளி வரும், இதை மறக்க வேண்டாம். ரிபனை வெட்டுவதற்கு முன்னால், முன்னால்தான், ஒரு மெல்லிய செப்பு நூலை எடுத்து மூன்று கால்களையும் சேர்த்துச் சுற்றிவிடுங்கள். நம் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் ஒருமுறை பாய்ந்தால் டயோட் செத்துவிடும், செத்தது வெளியில் தெரியாது, பிறகு ஏற்றிப் பார்த்தால் சாதாரண எல்இடி மாதிரி மங்கலாக எரியும். கொழும்பின் ஈரக்காற்றில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு, ஏசி போட்ட அறையில் செய்தால் கூடும். டயோடைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், நெம்பி எடுக்காமல் சுற்றியுள்ள உலோகத்தைச் சின்னக் கட்டரால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுங்கள். முன் கண்ணாடியில் விரல் படக்கூடாது.

மின்சாரம் கொடுப்பதில்தான் பலருடைய டயோட் போகிறது. பற்றரியை நேராகக் கொடுக்கவே கூடாது. டயோட் சூடாகச் சூடாக அதிக மின்சாரத்தை இழுக்கும், இழுக்க இழுக்க இன்னும் சூடாகும், கடைசியில் ஒளி வெளியேறும் முகமே கருகிவிடும். எல்எம்317 என்ற மூன்று கால் ஐசி எந்தக் கடையிலும் இருக்கும், அதை மாறா மின்னோட்ட முறையில் இணையுங்கள். கணக்கு எளிது, 1.25ஐத் தடையின் அளவால் வகுத்தால் அம்பியர் வரும். 22 ஓம் போட்டால் ஏறத்தாழ 57 மில்லியம்பியர், 18 ஓம் என்றால் 69. எழுதும் ரைட்டரின் டயோட் அந்த அளவுகளைச் சுற்றித்தான் லேசராக மாறத் தொடங்கும், அதற்குக் கீழே வெறும் சிவப்பு வெளிச்சம். குறைந்ததில் இருந்து தொடங்குங்கள். இரண்டு லித்தியம் பற்றரி தொடராகப் போட்ட 7.4 வோல்ற் போதும்.

டயோடை மாட்டும் முன், அதன் இடத்தில் பொய்ச் சுமை ஒன்றை வைத்துப் பாருங்கள்: மூன்று 1என்4007 டயோட்களையும் ஒரு 1 ஓம் தடையையும் தொடராக இணைத்து, தடைக்குக் குறுக்கே மல்ரிமீற்றரை வைத்தால் எத்தனை மில்லிவோல்ற் காட்டுகிறதோ அத்தனை மில்லியம்பியர் ஓடுகிறது. சரியாக இருந்தால் பற்றரியைக் கழற்றி, வெளியே செல்லும் பக்கத்தில் கெப்பாசிற்றர் வைத்திருந்தால் அதன் இரண்டு காலையும் தொடவைத்து வெறுமையாக்கி, அதற்குப் பிறகுதான் லேசர் டயோடை இணைக்க வேண்டும். ஏறிய கெப்பாசிற்றரில் டயோடைத் தொடவைத்தால் முடிந்தது. கால்களை மாற்றிக் கொடுத்தாலும் போய்விடும், பின்னோக்கிய 2 வோல்ற்றைத் தாண்டித் தாங்கும் டயோட் குறைவு.

இவ்வளவும் டயோடைக் காப்பாற்ற. கண்ணைக் காப்பாற்ற அலைநீளம் குறிப்பிட்ட கண்ணாடி வேண்டும். வெயில் கண்ணாடியோ வெல்டிங் கடைக் கண்ணாடியோ இதற்கு உதவாது. சட்டத்தில் '650 நானோமீற்றர், ஓடி (OD) 4' போல எழுதியிருக்க வேண்டும், ஓடி 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும், 300 மில்லிவாற் கதிர் 0.03 ஆகிவிடும். ஒரு அலைநீளத்துக்கான கண்ணாடி இன்னொன்றை அப்படியே உள்ளே விடக்கூடும். கண்ணாடி வாங்கக் காசில்லை என்றால் டயோடை ஏற்றக் காத்திருங்கள், அது வயதாகிக் கெட்டுப்போகாது. அறையில் தம்பி தங்கச்சி, பூனை, நாய் யாரும் வேண்டாம். கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள், சுவர்க் கண்ணாடியைத் துணி போட்டு மூடுங்கள், கதிர் கண் மட்டத்துக்கு நன்றாகக் கீழே ஓடட்டும்.

விழித்திரைக்கு வலி தெரியாது. பட்டவருக்கு நோவே இருக்காது, பார்வையின் நடுவில் ஒரு பொட்டு, நேர்க்கோடு வளைந்து தெரிவது, எழுத்து மங்குவது, இப்படித்தான் தெரியவரும். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் கொப்பித் தாளின் கட்டங்களைப் பாருங்கள், வளைந்தாலோ ஒரு இடம் இல்லாமல் போனாலோ அன்றைக்கே தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கள். என்ன நிறம், எத்தனை மில்லிவாற் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அம்மா ஏசுவா என்று ஒளித்து வைக்கிற விஷயம் இல்லை இது.

செய்து முடித்ததைப் பொயின்ரர் மாதிரிக் கையில் பிடிக்கிற சாமானாக ஆக்காதீர்கள், இதுதான் நான் கெஞ்சிக் கேட்பது. பெட்டிக்குள் இருந்து வந்ததை இன்னொரு பெட்டிக்குள் வையுங்கள். மேசையில் பூட்டிய சிறிய செதுக்கும் இயந்திரம், மூடியைத் திறந்தால் மின்சாரம் நின்றுவிடும் சுவிட்ச், சாவி போட்டால்தான் எரியும் பூட்டு. பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கொண்டுபோவதானால் இவை இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

காரணம் கண் மட்டும் இல்லை. வெள்ளவத்தை பிளாட் ஒன்றின் மொட்டைமாடியில் இருந்து இரத்மலானை ஓடுபாதை ஆறேழு கிலோமீற்றர்தான், உள்நாட்டு விமானங்களும் பயிற்சி விமானங்களும் தாழப் பறக்கும் இடம். ஒரு மில்லிரேடியன் விரியும் கதிர் 3 கிலோமீற்றர் தூரத்தில் 3 மீற்றர் அகல வட்டமாகிவிடும், சுவரில் பார்த்த சின்னப் பொட்டு விமானியின் முன்கண்ணாடி முழுவதையும் நிரப்பும், அதுவும் தரையிறங்கும் நேரத்தில். அமெரிக்காவில் 2023இல் மட்டும் விமானங்கள் மீது லேசர் அடித்ததாக 13,304 முறைப்பாடுகள் பதிவாகின, அங்கே 2012 முதல் இதற்கு ஐந்து வருடம்வரை சிறை. இங்கே விமானப் பாதுகாப்பை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை பார்க்கிறது, 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, விமானங்களுக்கு எதிரான குற்றங்களுக்கென்று 1982இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. அதைவிட, கவனயீனமாக இன்னொருவரின் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது தண்டனைச் சட்டக்கோவையில் பழைய குற்றம். 'விளையாட்டுக்கு அடித்தேன்' என்று பொலிஸில் சொல்லித் தப்ப முடியாது. கெத்தாராம மைதானத்தில் மேட்ச் பார்க்கும்போதும், ரோட்டில் வரும் பஸ்ஸுக்கும் இதே கதைதான்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்புவதானால் இன்னும் கவனம். அவுஸ்திரேலியாவுக்குள் 1 மில்லிவாற்றுக்கு மேற்பட்ட கையடக்க லேசர் பொயின்ரரை அனுமதி இல்லாமல் கொண்டுபோக முடியாது, சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். கனடாவில் 2018 முதல் ரொறன்ரோ, மொன்றியல், வன்கூவர் நகரங்களிலும் விமான நிலையங்களைச் சுற்றி 10 கிலோமீற்றருக்குள்ளும் 1 மில்லிவாற்றைத் தாண்டியதை வீட்டுக்கு வெளியே வைத்திருக்கக் கூடாது. பிரிட்டனும் அதே வருடம் வாகனங்கள் மீது லேசர் அடிப்பதற்கெதிராகச் சட்டம் கொண்டுவந்தது. மச்சானுக்குப் பிறந்தநாள் பரிசு என்று லக்கேஜில் போட்டு அவரை விமான நிலையத்தில் நிற்க வைக்காதீர்கள்.

கொழும்புக்குள்ளேயே ஒன்று. பைப்புக்குள் பற்றரி, வெளியே தொங்கும் வயர், கறுத்த டேப், இப்படி ஒரு சாமானைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறாதீர்கள். 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்த நகரத்தில் பை திறந்து பார்க்கப்படும் இடங்கள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும், தமிழ்ப் பிள்ளை ஒன்று அங்கே நின்று விளக்கம் சொல்வது எப்படிப் போகும் என்பதும் தெரியும். கொண்டுபோயே ஆக வேண்டுமென்றால் பற்றரியைக் கழற்றித் தனியாக வைத்து, பெட்டியின் மேல் மூன்று மொழியிலும் என்னவென்று எழுதி, ஆசிரியரின் கடிதம் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருக்கும் ரைட்டரின் உடலை என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 வர்த்தமானிப்படி இலத்திரனியல் கழிவு தனிப் பட்டியலில் உள்ள கழிவு, அதை வியாபாரமாகச் சேர்க்க மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒன்றிரண்டு கழற்றும் உங்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள், ஆனால் செம்புக்காக வயரை எரிக்காதீர்கள், செத்த டயோடை நசுக்காதீர்கள், அதன் சில்லுக்குள் ஆர்சனிக் கலந்த காலியம் ஆர்சனைடு இருக்கிறது. செத்த டயோட்களை மூடி போட்ட ஒரு சின்னப் போத்தலில் சேருங்கள், சர்க்கிட் போர்ட்களை ஒரு பையில் போடுங்கள், நிறைந்ததும் அனுமதிப்பத்திரம் உள்ள சேகரிப்பாளர் ஒருவரிடம் கொடுங்கள். யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்பதைப் பத்தரமுல்லையில் உள்ள அந்த அதிகாரசபையிடமே கேட்டுக்கொள்ளலாம்.