வளையம் அழகாகத்தான் இருக்கிறது, முனைவாக்கம் எங்கே?

லேசர் சோதனைகள் செய்யும் ஒளிமேசைக்குப் புதிதாக வருபவர்களிடம் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். லேசர் கற்றையின் முனைவாக்கத்தை, அதாவது மின்புலம் அதிரும் திசையை, இடத்துக்கு இடம் மாறும்படி வடிவமைக்கிறார்கள். கேமராவில் நடுவே இருள், சுற்றிலும் ஒளி வளையம். உடனே அளவெடுக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். ஆடியில் விரல் படக்கூடாது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

முனைவாக்கத்தை வடிவமைத்த பிறகு ஆடிகளில் திருப்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இதுதான். மின்புலம் ஆரக்கால்கள்போல் விரியும் கற்றையை மேசையின் தொடக்கத்திலேயே உருவாக்கி, 45 பாகையில் நின்ற மூன்று ஆடிகள் வழியே மாதிரிக்குக் கொண்டுபோனேன். வளையம் கடைசிவரை குலையவில்லை. ஐந்து வாரத் தரவு சேர்ந்த பின்புதான், மாதிரி இருக்கும் இடத்தில் ஒரு போலரைசரை, அதாவது ஒரு திசை முனைவாக்கத்தை மட்டும் விடும் வடிகட்டியை, வைத்துச் சுழற்றினேன். கிடைமட்டத்திலும் செங்குத்திலும் இரண்டு மடல்கள் தெளிவாகப் பிரிந்தன. 45 பாகையில் இடையிலிருந்த இருள் வெளுத்துவிட்டது. ஐந்து வாரமும் வீண்.

சாய்வாக நிற்கும் ஆடி, படுதளத்துக்கு (வரும் கதிரும் திரும்பும் கதிரும் இருக்கும் தளம்) செங்குத்தான எஸ் கூறுக்கும் இணையான பி கூறுக்கும் ஒரே கட்டத்தை (அலை தன் சுற்றில் எட்டியுள்ள நிலை) தருவதில்லை. கற்றையின் பக்கவாட்டிலும் மேல் கீழிலும் ஒரு கூறு மட்டுமே இருப்பதால் அவை தப்பிக்கின்றன. இரு கூறும் கலந்த மூலைவிட்டப் பகுதிகளில் மின்புலம் நேர்கோட்டில் அதிராமல் நீள்வட்டமாகச் சுழல்கிறது. செறிவு மாறாததால் கேமரா எதையும் காட்டிக்கொடுக்காது. பல்லடுக்குப் பூச்சுள்ள ஆடியில் இந்தக் கட்ட வேறுபாடு நிறத்துக்கு நிறம் மாறும். மிகக் குறுகிய துடிப்பில் பல நிறங்கள் உண்டு: 800 நானோமீட்டரை மையமாகக் கொண்ட 10 ஃபெம்டோ நொடித் துடிப்பு அலைநீளத்தில் குறைந்தது 94 நானோமீட்டர் அளவுக்கு விரிந்தது. ஒவ்வொரு நிறமும் வேறொரு நீள்வட்டமான பின் இரு கூறுகளின் கட்ட வேறுபாட்டை மாற்றும் ஓர் அலைத் தகட்டைத் திருப்பி அதை மீட்க முடியாது.

எல்லாத் திருப்பங்களையும் தூய எஸ் அல்லது தூய பி நிலையிலேயே கடந்துவிடுங்கள். வடிவமைக்கும் தகடு மாதிரிக்கு முன் கடைசியாக வரட்டும். அதற்குப் பிறகும் ஆடி தேவைப்பட்டால், ஒரே பூச்சுள்ள இரண்டை ஒரே கோணத்தில், முதலாவதன் எஸ் இரண்டாவதற்குப் பி ஆகும்படி வையுங்கள்.

ஆடிகளை எண்ணாமல் விடுவது

கற்றையின் நடுவைச் சுற்றிக் கட்டம் திருகிச் சென்றால் அது சுழல். ஆடிகள் ஒற்றைப்படை என்றால் சுழலின் குறி, அதாவது திருகும் திசை, தலைகீழ்.

ஒரு நிறத்துக்கான தகட்டை எல்லா நிறத்துக்கும் நம்புவது

சுழலை உருவாக்க, சுற்றிவரத் தடிமன் கூடும்படி 800 நானோமீட்டருக்கு வெட்டிய சுருள் தகடு, 750இல் முழுச் சுற்றைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் கட்டம் தரும். கியூ தகடு என்பது அச்சு இடத்துக்கு இடம் திரும்பியிருக்கும் அலைத் தகடு; அந்தத் திருப்பத்தால் வரும் வடிவியல் கட்டம் நிறத்தைச் சார்ந்ததல்ல. ஆனால் இரு கூறுகளுக்கிடையே அரை அலைத் தாமதம் வேண்டும் என்ற அரை அலை நிபந்தனை பொருந்தாத நிறங்களில் ஒரு பங்கு மாறாமல் கசியும். வட்ட முனைவாக்கத்தைச் செலுத்தினால், கால் அலைத் தகடும் போலரைசரும் சேர்ந்து அந்தக் கசிவை வடித்துவிடும். கால் அலைத் தகடு நிறச்சார்பற்றதாக இருக்க வேண்டும்.

தடிமனைக் கூட்டிப் பார்க்காதது

கற்றை கடக்கும் தகடுகளில் மொத்தம் 1 சென்டிமீட்டர் சிலிக்கா கண்ணாடி இருந்தால், அது 10 ஃபெம்டோ நொடித் துடிப்பை ஏறத்தாழ 100 ஃபெம்டோ நொடி ஆக்கிவிடும்.