நர்சிங் கிளாஸ்ல ஆப், பொம்மை, விஆர்: நாங்க பண்ணின தப்பை நீங்க பண்ணாதீங்க

ரெண்டு வருஷம் முன்னாடி செகண்ட் இயர் பிள்ளைங்களுக்கு இன்சுலின் டோஸ் கணக்கை கஹூட்ல (போன்ல பதில் அமுக்குற குவிஸ் ஆப்) குவிஸா வெச்சேன். கிளாஸ் முழுக்க ஒரே சத்தம், கைதட்டல், முதல்ல வந்த பொண்ணுக்கு ஒரு பேனா கூட வாங்கிக் குடுத்தேன். அடுத்த வாரம் மெடிக்கல் வார்டு போஸ்டிங்ல அதே பொண்ணு 40 யூனிட் வயல்ல (சின்ன மருந்து பாட்டில்) இருக்குற மருந்தை 100 யூனிட் சிரிஞ்சுல எடுத்துட்டு பேஷண்ட் கிட்ட நடந்து போகுது. பக்கத்து பெட்ல இருந்த ஸ்டாஃப் சிஸ்டர் பார்த்து கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க, அதனால ஒண்ணும் ஆகல. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அந்தப் பொண்ணுக்குக் கணக்குத் தெரியாம இல்ல, சீக்கிரம் அமுக்குனா ஜெயிக்கலாம்னு பழக்கி விட்டது நான்தான்.

நம்ம ஊர்ல வயல்ல வர்ற இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், இன்சுலின் பேனாவுல (பேனா மாதிரி இருக்குற ஊசி) போடுற கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 40 வயல் மருந்தை 100 சிரிஞ்சுல 20ங்கிற கோடு வரைக்கும் எடுத்தா உள்ள போறது 8 யூனிட்தான், சுகர் இறங்காது. மாத்தி 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சுல அதே 20 கோடு வரைக்கும் எடுத்தா 50 யூனிட் போயிடும், அப்புறம் பேஷண்ட் கதி என்னன்னு உங்களுக்கே தெரியும். கஹூட்ல சாதாரணமா வேகமா பதில் சொன்னவங்களுக்குத்தான் பாயிண்ட் அதிகம். அனாட்டமில எலும்பு பேரு கேக்குறதுக்கு அது சரி, மருந்துக் கணக்குக்குக் கூடவே கூடாது, ஏன்னா அங்க நாம பழக்க வேண்டியது நின்னு, லேபிளைப் படிச்சு, இன்னொருத்தர்கிட்ட காட்டிச் சரிபாக்குறதை. இப்ப நான் என்ன பண்றேன்னா ஒரு கேள்விக்கு நேரத்தை 4 நிமிஷம்னு கூட்டி வெச்சுட்டு பாயிண்டே இல்லாம பண்ணிடறேன், ஒவ்வொரு பெஞ்சுலயும் ரெண்டு விதமான காலி வயல், ரெண்டு விதமான சிரிஞ்சு, கொஞ்சம் தண்ணி. கேள்வி போன்ல வரும், பதிலை சிரிஞ்சுல எடுத்துக் காட்டணும். அப்புறம் தப்பான ஆப்ஷனை எத்தனை பேர் போட்டாங்கன்னு ஸ்கிரீன்ல தெரியும் பாருங்க, அங்கதான் பாடமே இருக்கு, அதைத் தாண்டி அடுத்த கேள்விக்கு ஓடிறாதீங்க.

சேலத்துல நர்சிங் டியூட்டரா 14 வருஷமா இருக்கேன். 2021ல இந்தியன் நர்சிங் கவுன்சில் பிஎஸ்சி சிலபஸை செமஸ்டரா மாத்தினதுக்கு அப்புறம் எல்லா காலேஜ்லயும் சிமுலேஷன்ங்கிற வார்த்தைதான், அதாவது பொம்மை, சாஃப்ட்வேர் வெச்சு நிஜ கேஸ் மாதிரியே பழக்குறது. நல்ல விஷயம்தான், நான் எதிர்க்கல. ஆனா வாங்குறதுக்கு இருக்குற அவசரம் அதை வெச்சு எப்படிச் சொல்லித்தர்றதுன்னு யோசிக்கிறதுல இல்ல, அதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

வெளிநாட்டு விர்ச்சுவல் பேஷண்ட் சாஃப்ட்வேரை அப்படியே பிள்ளைங்க கையில குடுக்குறது அடுத்த தப்பு. படம் அழகா இருக்கும், பேஷண்ட் பேசும், மானிட்டர் ஓடும், எல்லாம் சரி. ஆனா அதுல அசிட்டமினோஃபென்னு வந்தா நம்ம பாராசிட்டமால், எபிநெஃப்ரின்னா அட்ரினலின், அல்புடெரால்னா சால்புட்டமால், மெபெரிடின்னா பெத்திடின், இது தெரியாத பிள்ளை வார்டுல டிரக் டிரேயைப் பார்த்துட்டு முழிக்குது. எடை பவுண்டுல இருக்கும், தேதியில மாசம் முன்னாடி வரும், இன்சுலின்னா 100 யூனிட் மட்டும்தான் இருக்கும் (என் கதை மறுபடியும் ஞாபகம் வருதா). டிரிப் செட் கணக்கும் அப்படித்தான், 500 மில்லியை 4 மணி நேரத்துல ஏத்தணும்னா மில்லிக்கு 20 சொட்டு செட்டுல நிமிஷத்துக்கு 42 சொட்டு, 15 சொட்டு செட்டுல 31. கையில இருக்குற செட் கவர்ல என்ன போட்டிருக்குன்னு படிக்கணும், சாஃப்ட்வேர் சொன்ன நம்பரை மனப்பாடம் பண்ணி வெச்சுக்கிட்டா ஆகாது. வேண்டாம்னு சொல்லல, குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு பக்கத்துக்கு பேரு மாத்துப் பட்டியல் அடிச்சுக் கையில குடுங்க, அவ்வளவுதான் வேலை.

அந்த சாஃப்ட்வேர்ல நம்ம கேசுங்களும் கிடையாது. இங்க கேஷுவாலிட்டில ராத்திரி வர்றது பூச்சி மருந்து கேஸ், பாம்புக்கடி. பூச்சி மருந்துக்கு அட்ரோபின்ங்கிற முறிவு மருந்தைப் போட்டுட்டு பிள்ளைங்க கண்மணியையே டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு நிப்பாங்க, ஆனா முக்கியமா பார்க்க வேண்டியது நெஞ்சுல சளிச் சத்தம் அடங்கிச்சா, நாடித்துடிப்பு 80க்கு மேல வந்துச்சாங்கிறதை. பாம்புக்கடிக்கு 20 நிமிஷ ரத்தம் உறையுற டெஸ்ட்டுக்கு 2 மில்லி ரத்தம், சுத்தமான காஞ்ச கண்ணாடி டியூப்தான் வேணும், பிளாஸ்டிக் ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவின டியூபும் ஆகாது, நடுவுல ஆட்டிப் பார்க்கவும் கூடாது. இதுக்கு எந்த சாஃப்ட்வேரும் வேணாம்ங்க, ஒரு பவர்பாயிண்ட், ஒரு பிள்ளை பேஷண்டா, ஒரு பிள்ளை கூட வந்த சொந்தக்காரரா நடிச்சாப் போதும், நம்ம ஊரு கேஸை நாமளே எழுதிக்கலாம்.

இப்ப பொம்மைக்கு வரேன். பிள்ளைங்க மேனிக்கின்னு சொல்ல மாட்டாங்க, பொம்மைன்னுதான் சொல்லுவாங்க, அதுல தப்பே இல்ல. 1911ல அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்ட் ஆஸ்பத்திரி நர்சிங் ஸ்கூலுக்காக மிசஸ் சேஸ்னு முதல் பொம்மையைச் செஞ்சு குடுத்தது குழந்தைங்க பொம்மை பண்ற ஒரு அம்மா, 1960ல நார்வேல சிபிஆர் (இதயம் நின்னவங்களுக்கு நெஞ்சை அமுக்கி மூச்சு குடுக்குறது) பொம்மையைக் கொண்டு வந்தவரும் பொம்மைக் கம்பெனிக்காரர்தான். சிக்கல் என்னன்னா அந்தப் பொம்மையால எது முடியும் எது முடியாதுன்னு முன்னாடியே சொல்லாம பிள்ளையை உள்ள விட்டுடறோம்.

டெலிவரிக்கு அப்புறம் ரத்தப்போக்குன்னு பொம்மையை வெச்சு ஒரு சினாரியோ, அதாவது நடிச்சுப் பழகுற கேஸ், வெச்சேன். ஒரு பொண்ணு ரொம்ப நல்லாப் பண்ணுச்சு, கர்ப்பப்பையைத் தேச்சு விட்டா, ஆள் கூப்பிட்டா, ஐவி லைன் கேட்டா, ஆனா மூத்திரப்பை நிறைஞ்சிருக்கான்னு பார்க்கவே இல்ல. அது நிறைஞ்சிருந்தா கர்ப்பப்பை சுருங்காதுன்னு பரீட்சையில எழுதின பிள்ளை. முதல்ல நானா இருந்தா மார்க்கைக் குறைச்சுட்டுப் போயிருப்பேன். அன்னைக்கு உக்காந்து, ஏன் கண்ணு அதைப் பார்க்கலன்னு கேட்டேன். "பொம்மைக்கு அது இருக்காதுன்னு நெனச்சேன் மேம்" அப்படின்னா. அந்த ஒரு பதில்ல எனக்கு ரெண்டு விஷயம் புரிஞ்சுது, ஒண்ணு பிள்ளைக்குப் பாடம் தெரியும், ரெண்டு நான் ஆரம்பத்துல சொல்லிக் குடுத்திருக்கணும். கேக்காம விட்டிருந்தா ரெண்டும் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அதனாலதான் எல்லாத்தையும் விடப் பெரிய தப்புன்னு நான் சொல்றது டிபிரீஃபிங்கை, அதாவது முடிஞ்சதும் உக்காந்து நடந்ததைப் பேசுறதை, விடுறது. சினாரியோ 15 நிமிஷம் ஓடும், முடிஞ்ச உடனே பெல் அடிக்கும், அடுத்த பேட்ச் வாசல்ல நிக்கும், சரி சரி நல்லா பண்ணீங்க போங்கன்னு அனுப்பிடுவோம். பண்ணின நேரத்தை விட பேசுற நேரம் அதிகமா இருக்கணும், 15 நிமிஷம் பண்ணினா 30 நிமிஷம் உக்காந்து பேசணும், டைம் டேபிள் போடும்போதே இதைச் சேர்த்துப் போடணும். முதல்ல எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க, சில பிள்ளைங்க அழுதுடும், அழட்டும், தண்ணி குடுங்க. அப்புறம் என்ன நடந்துச்சுன்னு அவங்க வாயாலயே வரட்டும், அதுக்கு அப்புறம்தான் ஏன் அப்படிப் பண்ணீங்க. அந்த "ஏன்"ல அதட்டல் இருந்தா பிள்ளை வாயை மூடிக்கும், அத்தோட சினாரியோ வீண். இன்னொண்ணு, 60 பேர் பேட்ச்ல 5 பேர் பண்ணுவாங்க, மத்தவங்க சுவத்துல சாஞ்சு நிப்பாங்க. அவங்களுக்கும் ஒரு வேலை குடுங்க, ஒருத்தர் கை கழுவுனாங்களான்னு பார்க்க, ஒருத்தர் மருந்து குடுத்த நேரத்தைக் குறிக்க, ஒருத்தர் பேஷண்ட்கிட்ட என்ன பேசினாங்கன்னு அப்படியே எழுத.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லியாகணும். 2014ல அமெரிக்காவோட நர்சிங் போர்டுகள் கவுன்சில் 10 நர்சிங் படிப்புகளை வெச்சு ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டுச்சு, கிளினிக்கல் நேரத்துல பாதி வரைக்கும் நல்ல சிமுலேஷனால மாத்துனாலும் பிள்ளைங்க தரம் குறையலன்னு. இதை எடுத்துக் காட்டிட்டு வார்டு போஸ்டிங்கைக் குறைக்கலாம்னு பேசுறவங்க இருக்காங்க. அங்க டீச்சர்ங்களுக்குத் தனியா டிரெயினிங் குடுத்தாங்க, டிபிரீஃபிங்கை ஒரே முறையில ஒழுங்கா நடத்துனாங்க, அந்த ஏற்பாடெல்லாம் இருந்துதான் அந்த முடிவு வந்துச்சு. 60 பேருக்கு ஒரு பொம்மை, ஒரு டியூட்டர்னு வெச்சுக்கிட்டு வார்டு நேரத்துல கை வெக்காதீங்க.

சிபிஆர் பொம்மையில லைட் எரியுற மாதிரி வந்திருக்கு, ஆழம் 5லருந்து 6 சென்டிமீட்டர், நிமிஷத்துக்கு 100லருந்து 120, சரியாப் பண்ணினா பச்சை. ரொம்ப உபயோகம்தான், ஆனா பொம்மையை டேபிள் மேல வெச்சே பழக்குறோம். வார்டுல பேஷண்ட் மெத்தை மேல இருப்பாரு, அமுக்குனா மெத்தையும் சேர்ந்து இறங்கும். பழைய கட்டில் ஒண்ணு லேபுக்குக் கேட்டு வாங்குங்க, அடியில பலகை வெச்சும் வெக்காமலும் பண்ணிப் பார்க்கட்டும். கடைசி சுத்துல லைட்டை மூடிட்டு கையால மட்டும் பண்ணச் சொல்லுங்க.

விஆர் (கண்ணுல மாட்டிக்கிட்டு நிஜம் மாதிரியே பார்க்குற கருவி) பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல. முதல் தடவை 10 நிமிஷத்துக்கு மேல போடாதீங்க, சிலருக்குத் தலை சுத்தும், வாந்தி வர்ற மாதிரி இருக்கும், உக்கார வெச்சே போடுங்க. கொண்டை, பூ, கிளிப் எல்லாம் எடுத்துட்டுப் போடச் சொல்லுங்க, ஒவ்வொருத்தருக்கும் நடுவுல துடைங்க. ரத்தக்குழாயைத் தொட்டுப் பார்த்து ஊசி போடுறதை விஆர்ல கத்துக்க முடியாது, அதுக்குக் கை வேணும்.

ஏற்காட்டுக்கு கம்யூனிட்டி போஸ்டிங் போனப்ப நடந்ததையும் சொல்லிடறேன். ஃபேமிலி சர்வேயை எல்லாம் ஆன்லைன் ஃபார்ம்ல போட்டுட்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போயிட்டோம், பனி இறங்கிடுச்சு, உள்ளூர்க் கிராமத்துல டவரே இல்ல, பேப்பர் ஃபார்மட் ஒண்ணு கூட எடுத்துட்டுப் போகல. பாதி நாள் வீண். இப்ப வீடியோவை முன்னாடியே டவுன்லோட் பண்ணி, ஃபார்மையும் பிரிண்ட் எடுத்துட்டுத்தான் பஸ் ஏறுறது. ஆனா எனக்கு அதை விட உறுத்தினது வேற. எஸ்டேட் வேலைக்குப் போற ஒரு மலையாளி பழங்குடி இன அம்மாகிட்ட எங்க பிள்ளை ரத்தசோகை பத்தி டேப்ல வீடியோ போட்டுக் காட்டுச்சு, நல்ல வீடியோ, டவுன் தமிழ்ல வேகமாப் பேசுது. அந்த அம்மா தலையாட்டிட்டே இருந்தாங்க. பிள்ளை டேப்பைப் பார்க்குது, அம்மா மூஞ்சைப் பார்க்கல. வீடியோ முடிஞ்சதும் நான், என்னம்மா புரிஞ்சுதா, உங்களுக்கு எப்படி இருக்குன்னு கேட்டேன், "மேடு ஏறுனா கிறுகிறுன்னு வருது கண்ணு, மூச்சு நிக்க மாட்டேங்குது"ன்னாங்க. அதுதான் ஹிஸ்டரி, பேஷண்ட் தன் வாயால சொல்ற நோய் விவரம், அதை அந்த வீடியோ கேட்டுத் தராது. அன்னைலருந்து எங்க பேட்ச்ல முதல்ல பேச்சு, அப்புறம்தான் டேப்.

லேப்ல, வார்டுல எடுக்குற போட்டோவை ஸ்டேட்டஸ்ல போடுறது, கேஸ் ஷீட்டை கிளாஸ் வாட்ஸாப் குரூப்ல அனுப்புறது, இதெல்லாம் முதல் நாளே நிறுத்துங்க. பேஷண்ட் பேரு, ஐபி நம்பர் (ஆஸ்பத்திரி அட்மிஷன் நம்பர்) தெரியுற மாதிரி எதுவும் போன்ல இருக்கவே கூடாது. சினாரியோ வீடியோவும் அப்படித்தான், தப்புப் பண்ணின பிள்ளை முகம் அதுல இருக்கு, டிபிரீஃபிங் முடிஞ்சதும் எல்லாரு முன்னாடியும் அழிச்சுடறேன்.

அப்புறம் போன். எல்லாருகிட்டயும் இருக்கும்னு நெனச்சுத்தான் நாம குவிஸ் வெக்கிறோம். எங்க கிளாஸ்ல சில பிள்ளைங்க அண்ணன் போனை ராத்திரி மட்டும் வாங்கிப் படிக்குது, சிலருக்கு மாசக் கடைசியில டேட்டா இருக்காது, அதைச் சொல்லக் கூச்சப்பட்டுட்டு ஹேங் ஆயிடுச்சு மேம்னு சொல்லிடும். இப்ப நான் யார்கிட்ட இருக்கு இல்லன்னு கேக்குறதே இல்ல, எல்லாருக்கும் மூணு பேருக்கு ஒரு போன், காலேஜ் வைஃபை. மூணு பேரும் பேசி முடிவு பண்ணினப்புறம்தான் பட்டனை அமுக்கணும்.