ஜிப்சம் தடுப்புச் சுவர் போடப் போகிறீர்களா? போர்டு மூடும் முந்தைய நாள் வீட்டில் இருங்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு நீளமான பட்டாசல் (ஹால்) உண்டு. பையன் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் அதைக் குறுக்கே தடுத்து அவனுக்கு ஓர் அறை எடுக்கலாம் என்று முடிவானது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணாச்சி, இந்த இடத்துக்கு அடியில பீம் இல்ல. நாலரை இஞ்ச் சுவர் ஏத்தணும்னா இன்ஜினியர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க" என்றார். நல்ல மனிதர், வருகிற வேலையை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னார். அப்படித்தான் ஜிப்சம் போர்டுக்கு வந்தேன். முதல் ஆளிடம் ஏமாந்தேன், இரண்டாவது ஆளிடம் கற்றுக்கொண்டேன். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், இது என்ன சுவர்?

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் 'ட்ரைவால்' என்று சொல்வது இதைத்தான். சிமெண்டு, மணல் குழைக்காமல் எழுப்புவதால் அந்தப் பெயர். அங்கே வீடுகளில் பெரும்பாலும் மரச்சட்டம், இங்கே ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனல். நம் ஊர்க் கடையில் 'ட்ரைவால்' என்றால் முழிப்பார்கள், 'ஜிப்சம் பார்ட்டிஷன்' என்று கேளுங்கள்.

தரையிலும் மேலே கான்கிரீட்டிலும் 'ப' வடிவச் சேனலை அடிப்பார்கள். இரண்டுக்கும் நடுவே செங்குத்தாகச் சட்டங்கள் நிற்கும். இதை ஸ்டட் என்பார்கள். அதன் இரண்டு பக்கமும் போர்டை ஸ்க்ரூ போட்டு முடுக்கி, இணைப்புகளில் டேப் ஒட்டி, பூச்சுப் பூசித் தேய்த்தால் சுவர். போர்டு என்பது இரண்டு தடித்த காகிதங்களுக்கு நடுவே ஜிப்சம். வழக்கமான கனம் 12.5 மி.மீ. நாலுக்கு ஆறு அடி போர்டு ஒன்று 20 கிலோவுக்குப் பக்கத்தில் வரும்.

எடையில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் பூசிய நாலரை இஞ்ச் செங்கல் சுவர் சதுரடிக்கு ஏறக்குறைய 25 கிலோ. ஜிப்சம் தடுப்பு இரண்டரை கிலோவைத் தாண்டுவது அபூர்வம். தீக்கும் சுமாராகத் தாக்குப்பிடிக்கும். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதன் படிகத்துக்குள்ளேயே கட்டுண்ட தண்ணீர். சூடேறும்போது அது ஆவியாகப் போய் முடிகிற வரை மறுபக்கம் சட்டென்று கொதிக்காது.

எங்கே போடக் கூடாது

குளியலறையில் வேண்டாம். பச்சைக் காகிதம் ஒட்டிய போர்டைக் காட்டி "வாட்டர் ப்ரூஃப்" என்று கடைக்காரர் சொல்வார். அது ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. மேல்தளம் ஒழுகுகிறதென்றால் முதலில் ஒழுக்கை அடைத்துவிடுங்கள்.

ஆற்றோரத் தரைத்தளத்திலும் வேண்டாம் என்பேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி நெல்லை ஜங்ஷன், சிந்துபூந்துறைப் பக்கம் வீடுகளுக்குள் ஏறியது நமக்கு மறக்காது. ஜிப்சம் போர்டு திரி மாதிரி தண்ணீரை மேலே இழுக்கும். முழங்கால் அளவு நின்ற தண்ணீருக்கு அதற்கும் மேலே ஓர் அடி வரை ஊறிப் போகும், பின்னாலேயே பூஞ்சை வரும். அந்த மாதிரி இடத்தில் செங்கல் வையுங்கள், இல்லையென்றால் ஃபைபர் சிமெண்டு போர்டு.

கரையான் ஜிப்சத்தைத் தின்னாது, காகிதத்தைத் தின்னும். செம்மண் தரையில் கட்டிய வீட்டுக்காரர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளைப் பிடிப்பது

ப்ளைவுட் கடைகளில் விசாரித்தால் நான்கைந்து நம்பர் கிடைக்கும். எல்லோரும் போனில் போட்டோ காட்டுவார்கள். போட்டோவில் எல்லாச் சுவரும் அழகுதான். "போன வருசம் முடிச்ச வேலை ஒண்ணைக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஒரு கத்திரி வெயிலும் ஓர் ஐப்பசி மழையும் பார்த்த சுவராக இருக்க வேண்டும். ராத்திரியில் போய், விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். இணைப்புச் சரியில்லாத சுவர் வரப்பு போட்ட வயல் மாதிரி தெரியும். பகலில் அதே சுவரைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

அப்புறம் ரேட். மாதத்துக்கு மாதம் மாறுவதால் தொகை எழுதவில்லை. எப்படி அளப்பார்கள் என்பதை மட்டும் எழுதி வாங்குங்கள். பத்துக்குப் பத்து தடுப்பை ஒருவர் நூறு சதுரடி என்பார். இன்னொருவர் இரண்டு பக்கமும் அளந்து இருநூறு என்பார். குறைந்த ரேட் சொன்னவர் கடைசியில் அதிகமாக வாங்கிக்கொண்டு போவது இப்படித்தான். கதவுக்கு விட்ட இடத்தைக் கழிப்பார்களா, பட்டி, பிரைமர், பெயிண்டு எதுவரை இதில் அடங்கும், குப்பை அள்ளுவது யார் என்பதெல்லாம் அதே தாளில் இருக்கட்டும். போர்டு, சேனல் இரண்டின் பிராண்டும் கனமும் இருக்கட்டும். பேச்சில் ஒரு பிராண்டு, இறங்கும் சரக்கில் வேறு பிராண்டு என்பது சாதாரணமாக நடக்கும்.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். சரக்கு இறங்கியதும் ஒரு பங்கு, சட்டம் நின்றதும் ஒரு பங்கு, தேய்த்து முடித்து நீங்கள் டார்ச் அடித்துப் பார்த்த பிறகு மீதி.

மூடுவதற்கு முன்

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். முதல் ஆள் இரண்டே நாளில் முடித்துவிட்டார், நானும் வேகத்தைப் பார்த்து மெச்சினேன். மூன்றாம் மாதம் பையன் கட்டிலில் சாய்ந்து படித்தால் சுவர் உள்வாங்கி வந்தது, இணைப்பில் மேலிருந்து கீழாக ஒரு கீறல். சந்தேகத்தில் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துச் சுவரில் தேய்த்துப் பார்த்தேன். ஸ்க்ரூ இருக்கிற இடத்தில் 'டிக்' என்று ஒட்டும். ஒட்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்தேன். புள்ளிகள் நேர்க்கோடுகளாக நின்றன. கோட்டுக்கும் கோட்டுக்கும் நாலடி! போர்டின் அகலம் நாலடி. ஓரங்கள் சேரும் இடத்தில் மட்டும் ஸ்டட் வைத்து, நடுவில் வர வேண்டியதை விட்டுவிட்டிருக்கிறார். இரண்டடிக்கு ஒன்று நிற்க வேண்டும். அந்தச் சுவரை ஒரு பக்கம் முழுக்கப் பிரித்தோம்.

இரண்டாவது ஆள் சட்டம் நிறுத்திய சாயங்காலம் அவராகவே போன் செய்தார். "அண்ணாச்சி, நாளைக்கு மூடப் போறோம், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிருங்க." அன்றைக்கு நான் பார்த்தவை இவை.

அளவு டேப் வைத்து ஸ்டட் இடைவெளி. தூக்குக்குண்டு விட்டு நேர். ஒயரிங் பைப்பும் சுவிட்ச் பெட்டியும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று. டி.வி., புத்தக அலமாரி, கீசர் மாதிரி எது தொங்கப் போகிறதோ அங்கே ஸ்டட்டுகளுக்கு நடுவே ப்ளைவுட் பலகை. இதை மறந்தால் பிறகு ஆணி எங்கே அடித்தாலும் பிடிக்காது. சத்தம் தடுக்க வேண்டுமென்றால் உள்ளே ராக்வூல் (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு) வைப்பதும் இப்போதுதான். கடைசியாக, சுவர் முழுவதையும் அளவு டேப் விரித்து வைத்தபடி போட்டோ எடுங்கள். பின்னால் துளை போடும்போது ஒயர் எங்கே ஓடுகிறது என்று அந்தப் போட்டோ சொல்லும்.

ஃபால்ஸ் சீலிங்குக்கும் இதே நாள் உண்டு. மின்விசிறியின் கொக்கி மேலே கான்கிரீட்டிலிருந்து நேராக இறங்க வேண்டும், சீலிங் சட்டத்தில் தொங்கக் கூடாது. நெல்லை டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் உத்திரக்கட்டை போட்ட மச்சாக இருந்தால் செங்கலில் ஆங்கர் அடிக்க விடாதீர்கள், உத்திரத்தில்தான் பிடிக்க வேண்டும்.

போர்டும் பூச்சும்

போர்டின் அடி விளிம்பு தரையைத் தொடாமல் 10 மி.மீ. தூக்கி நிற்கட்டும், தரை கழுவுகிற தண்ணீர் ஏறாது. ஸ்க்ரூத் தலை காகிதத்தைக் கிழிக்காமல் லேசாக உள்ளே அமிழ வேண்டும். காகிதம் கிழிந்தால் அந்த ஸ்க்ரூ பிடிக்கவில்லை என்று அர்த்தம், பக்கத்தில் இன்னொன்று போடச் சொல்லுங்கள். இணைப்பில் டேப் வைத்து மூன்று கை பூச்சு. ஒவ்வொன்றும் முந்தியதை விட அகலமாக, முந்தியது காய்ந்த பிறகு. ஐப்பசி, கார்த்திகையில் இது லேசில் காயாது. அவசரமில்லையென்றால் தை பிறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டை விழுந்தால்

ஆணி ஓட்டைக்குப் பட்டி போதும். இணைப்பில் கீறல் என்றால் மேலே பட்டி தடவுவது வீண், மறுபடி வாய் பிளக்கும். பழைய டேப்பை உரித்துப் புதிதாக ஒட்ட வேண்டும். தண்ணீர் பட்டுத் தொங்கிய போர்டுக்கு வைத்தியம் கிடையாது, வெட்டி எடுத்து மாற்றுவதுதான்.

எங்கள் வீட்டில் கிரிக்கெட் பந்து பட்டு முஷ்டி அளவு ஓட்டை. நானே அடைத்தேன். ஓட்டையைச் சுற்றிச் சதுரமாகக் கோடு போட்டு, போட்டோவில் ஒயர் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பேப்பர் கட்டரால் நாலைந்து முறை கீறினால் துண்டு கழன்று வரும். ஓட்டையை விட நீளமான ப்ளைவுட் துண்டை உள்ளே சாய்த்து நுழைத்து, கையால் பிடித்தபடி, பழைய போர்டின் வழியாக மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டேன். பிடிக்கும் கை வழுக்கி இரண்டு முறை பலகை உள்ளே விழுந்தது. நடுவில் முதலிலேயே ஒரு ஸ்க்ரூவைப் பாதி முடுக்கி வைத்தால் அதையே கைப்பிடியாகப் பிடித்துக்கொள்ளலாம், மூன்றாம் முறை புத்தி வந்தது. அதன்மேல் அதே அளவு போர்டுத் துண்டு, நாலு ஓரமும் டேப், மூன்று கை பூச்சு, காய்ந்ததும் உப்புத்தாள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நெஞ்சைப் பிடிக்கும்.

அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்றால், வேலை முடிந்த அன்று மிஞ்சிய அரைப் போர்டைக் குப்பையில் ஏற்ற விடாமல் பரணில் போட்டு வைத்திருந்தேன். கூடவே அரை லிட்டர் பெயிண்டும்.